மொரீஷியஸில் ஏழு வயது மகளுக்குப் பிரெஞ்சு: கிரியோலை நிறுத்த வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். கோவையிலிருந்து எபேனில் வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. காட்ர் போர்னில் வீடு. ஏழு வயது மகள் கிரேடு 2 படிக்கிறாள். ஆங்கிலத்திலும் கணக்கிலும் சிக்கல் இல்லை. பிரெஞ்சு வகுப்பில் மட்டும் வாயே திறப்பதில்லை, டிக்டேயில், அதாவது சொல்வதெழுதுதலில், பத்துக்கு இரண்டு மூன்று வாங்கி வருகிறாள். அதே பெண் மாலையில் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு கிரியோலில் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சு மொழி) சண்டை போடுகிறாள். கிரியோலைத் தடுக்கலாமா, வீட்டில் தமிழைக் குறைத்து ஆங்கிலம் பேசினால் பிரெஞ்சு சுலபமாகுமா, பிரெஞ்சே தெரியாத நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே பயம். ஒரு மொழி இன்னொன்றைக் கெடுத்துவிடுமோ என்ற பயம். கெடுக்காது. கிரியோல், தமிழ் இரண்டுமே அவளுக்கு உதவும். எப்படி என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் காரைக்காலில் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். இங்கே ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் 19 வருடம் சின்ன வகுப்புகளுக்குப் பிரெஞ்சு எடுத்தேன். அரசுப் பள்ளியில் வேலை பார்த்ததில்லை, உங்கள் மகளை நேரில் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த நாட்டின் மொழி நிலவரம் வெளியிலிருந்து வருகிறவர்களைக் குழப்பும். 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். நம் புதுச்சேரிக் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸைக் கட்ட வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1810இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இங்கிருந்தவர்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று சரணடைந்தபோதே ஒப்பந்தமானது. அதனால் ஆட்சி மாறியும் பிரெஞ்சு போகவில்லை. இன்றும் பள்ளியில் பயிற்று மொழி ஆங்கிலம், முதல் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு கட்டாயப் பாடம், பத்திரிகை படிப்பது பெரும்பாலும் பிரெஞ்சில், பேசுவது கிரியோலில். 2012இலிருந்து கிரியோலும் விருப்பப் பாடமாக இருக்கிறது. தமிழும் அப்படித்தான்.

இதில் உங்கள் மகளைத் தொடும் விஷயம் ஒன்று. இங்கே பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் சொல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு: வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏற்கெனவே கிரியோல் தெரியும். மேசைக்கு லத்தாப், பள்ளிக்கு லெகோல், கடலுக்கு லமேர் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்குப் பிரெஞ்சுச் சொற்களில் பாதி, முதல் நாளே எங்கேயோ கேட்டவையாக இருக்கும். உங்கள் மகளுக்கு அந்தக் கீழ்ப்படி இல்லை, நேராக இரண்டாம் படியில் கால் வைக்கச் சொல்கிறார்கள். அவளோ கெட்டிக்காரி, விடுபட்ட படியை மாலை விளையாட்டில் தானே கட்டிக்கொண்டிருக்கிறாள். அதைப் போய் இடிக்காதீர்கள்.

இடித்துப் பார்த்தவள் நான். வந்த புதிதில், பாண்டிச்சேரிப் பழக்கத்தில், 'என் வகுப்பில் பிரெஞ்சு மட்டும்தான்' என்று சட்டம் போட்டேன். கரும்பலகையில் வினைத்திரிபு அட்டவணை வேறு. இரண்டு வாரத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது, நானும் நல்ல ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை, ஞாயிறு என்ன செய்தாய் என்று ஒரு பையனைப் பிரெஞ்சில் கேட்டேன். முழித்தான். சட்டைப் பொத்தானைத் திருகினான். பக்கத்துப் பெண் அவன் காதில் கிரியோலில் ஏதோ சொல்ல, அவன் சட்டென்று 'மோ தி அல் போர் லமேர், மிஸ்!' என்று கத்திவிட்டு, தப்புச் செய்தவன் போல வாயைப் பொத்திக்கொண்டான். கடற்கரைக்குப் போனேன் என்கிறான். பிரெஞ்சில் அது 'ஓ போர் த லா மேர்'. பாதி வாக்கியம் அவன் வாயில் தயாராக இருந்தது, அதை அடைத்து வைத்திருந்தவள் நான். அன்றிலிருந்து முறையை மாற்றினேன். பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பது, அதையே பிரெஞ்சில் மகிழ்ச்சியாகத் திருப்பிச் சொல்வது: 'ஓ, கடற்கரைக்குப் போனாயா!' திருத்தவும் கூடாது, திரும்பச் சொல்லச் சொல்லவும் கூடாது. நாலைந்து முறை கேட்டபின் அவர்களே அந்த வடிவத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அதற்காகக் கிரியோல் தடுக்கவே தடுக்காது என்று சொல்ல மாட்டேன். தடுக்கும் இடங்கள் குறிப்பிட்ட சில, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். (ஆங்கில இசட்டின் ஒலியைக் கீழே 'ஃஸ' என்று எழுதுகிறேன். தமிழில் வேறு வழி இல்லை.) முதலாவது, கிரியோலில் பிரெஞ்சின் சுட்டுச்சொல் (ஆங்கில 'the' போலப் பெயருக்கு முன்னால் வருவது) பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீடு என்பது லகாஃஸ், தண்ணீர் திலோ, அரிசி திரி, சர்க்கரை திசிக். இதில் 'ல', 'தி' எல்லாம் ஒரு காலத்தில் தனிச்சொற்கள். அதனால் பிள்ளைகள் பிரெஞ்சு எழுதும்போது அதன் மேல் இன்னொரு 'லா' போடுவார்கள். இரண்டாவது, முகம் ஒன்று குணம் வேறான சொற்கள். கிரியோலில் 'மோ கோன்தான் மாங்' என்றால் எனக்கு மாம்பழம் பிடிக்கும். பிரெஞ்சில் கோன்தான் என்பது மகிழ்ச்சியாக இருப்பது மட்டும்தான், பிடிப்பதற்கு 'ஜெம்' என்று வேறு சொல். கிரியோலில் 'கெத்' என்றால் பார், அதன் மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்குப் பதுங்கியிருந்து நோட்டம் விடுவது என்று பொருள். மூன்றாவது, ஒலி. பிரெஞ்சின் 'ஜ' கிரியோலில் 'ஃஸ' ஆகும், 'ஷ' வெறும் 'ஸ' ஆகும். சாப்பிடு என்பது அங்கே மான்ஜே, இங்கே மான்ஃஸே. பூனை அங்கே ஷா, இங்கே சாத். கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு பேசும்போது 'மான்ஃஸே' என்பதுதான் சரி, வகுப்பில் 'மான்ஜே' சரி. கோவையில் வீட்டில் 'வந்துட்டேங்க' என்றுவிட்டு நோட்டில் 'வந்துவிட்டேன்' என்று எழுதிய குழந்தைக்கு இந்த இரட்டை வாழ்க்கை புதிதா என்ன?

அடுத்து தமிழ். தமிழைக் குறைத்து ஆங்கிலத்தைக் கூட்டலாமா என்ற கேள்வியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பாசத்தை ஒரு பக்கம் வையுங்கள், தொழில்முறையாகவே அது நஷ்டம். பிரெஞ்சின் பல மூலைகளுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் கிட்டத்தில் இருக்கிறது.

மூக்கொலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவர்களை அழவைப்பவை அவை. அவற்றில் முக்கியமான மூன்றும் நம் பேச்சுத் தமிழில் இருக்கின்றன, நாம் கவனிப்பதில்லை அவ்வளவுதான். 'பழம்' என்று பேச்சில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது, 'பழோ' என்று மூக்கில் நிற்கும். 'நல்ல' என்பதற்கான பிரெஞ்சு 'போன்' என்பதன் ஒலி அதுதான். 'வந்தான்' என்பதன் வால், குழந்தைக்கான 'ஆன்ஃபான்' என்ற சொல்லின் வால். 'வந்தேன்' என்பதன் வால், ரொட்டிக்கான 'பேன்'. 'பழம், வந்தான், வந்தேன்' என்று மூன்று விரலை நீட்டி, எந்தப் பிரெஞ்சுச் சொல் எந்த விரலில் உட்காரும் என்று விளையாடுங்கள். மூக்கு நுனியைத் தொட்டுக்கொண்டு சொன்னால் அதிர்வு தெரியும், குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை. நூல் பிடித்தது போலத் துல்லியமாக ஒத்துப்போகாது, ஆனால் ஆசிரியர் காதுக்கு அது போதும்.

அப்புறம் மரியாதை. பிரெஞ்சில் 'த்யு', 'வூ' என்று இரண்டு முன்னிலை உண்டு. ஆங்கிலத்திலிருந்து விளக்கப் போனால் ஒரு வகுப்பு முழுக்க ஓடும். நம் பிள்ளைக்கு 'நீ, நீங்கள்' என்றால் முடிந்தது. பலரை அழைக்கவும் 'வூ'தான், நம் 'நீங்கள்' போலவே. வினைக்கு ஆளுக்கொரு விகுதி வரும் என்பதும் வந்தேன், வந்தாய், வந்தாள் என்று பேசுகிறவளுக்குப் பழகிய சங்கதி. கிரியோல் பிள்ளைக்குத்தான் அது புதிது, அதில் 'மோ, தோ, லி' யாரானாலும் வினை மாறாது. இன்னொன்று, 'எனக்கு'. உங்கள் மகள் வயதைக் கேட்டால் ஆங்கிலத்தை மனதில் வைத்து 'நான் ஏழு' என்பது போல 'ஜ ஸ்வி செத்' என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளைத் தமிழில் நினைக்கச் சொல்லுங்கள். 'எனக்கு ஏழு வயசு' - 'ஜே செத் ஆன்'. 'எனக்குப் பசி' - 'ஜே ஃபேன்'. 'எனக்குக் குளிர்' - 'ஜே ஃப்ருவா'. 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதற்கும் அதே 'ஜே'. ஆங்கிலம் இங்கே குறுக்கே வந்து நிற்கும், தமிழ் வழிவிட்டு ஒதுங்கும். பிரெஞ்சில் சொல்லும் சொல்லும் சேரும்போது நடுவில் ஓர் ஒலி முளைப்பதும் நமக்குப் புணர்ச்சி என்று பழகியதே. 'லே' பிளஸ் 'ஆன்ஃபான்' என்பது 'லேஃஸான்ஃபான்' ஆகும். கிரியோலின் 'ஃஸான்ஃபான்' அந்தப் புணர்ச்சியிலிருந்து உதிர்ந்த துண்டு, பறவைக்கான 'ஃஸ்வாஃஸோ'வும் அப்படியே.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசை பெண், புத்தகம் ஆண் என்றால் நம் குழந்தை சிரிக்கும். அஃறிணைக்குப் பால் பிரித்துப் பழக்கமில்லை. கிரியோலிலும் இல்லை, ஆக இதில் வகுப்பு முழுவதும் ஒரே படகில்தான். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யவிடாமல் எப்போதும் 'லா தாப்ல்', 'ல லீவ்ர்' என்று முன்னொட்டோடு வாயில் போடுவது ஒன்றே வழி. ஆண்பாலை நீலத்தில், பெண்பாலைச் சிவப்பில் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு, நானும் செய்தேன். அது நினைவில் நிற்க உதவுகிறதா, நோட்டை அழகாக்குகிறதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஒலியில் இரண்டு கவனிக்க வேண்டும். ஒன்று இசட்: 'புவாஸோன்' மீன், 'புவாஃஸோன்' விஷம். ஹோட்டலில் மாற்றிச் சொன்னால் சமையல்காரர் வருத்தப்படுவார். இன்னொன்று பிரெஞ்சு 'யு'. 'ஈ' என்று இழுக்கச் சொல்லுங்கள், நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவிக்கச் சொல்லுங்கள், வந்துவிடும். 'தெஸ்யூ' என்றால் மேலே, 'தெஸூ' என்றால் கீழே. பென்சிலை வைத்துக்கொண்டு 'மேசைக்கு தெஸ்யூ', 'மேசைக்கு தெஸூ' என்று அவள் உங்களுக்கு உத்தரவு போடட்டும். நீங்கள் தப்பாக வையுங்கள், ரொம்ப நேரம் விளையாடுவாள்.

டிக்டேக்கு வருவோம். இங்கே அதன் மேல் ஒரு பக்தியே இருக்கிறது. வாரந்தோறும் சொல்வதெழுதுதல் நடத்தாத ஆசிரியரைப் பெற்றோர் நம்ப மாட்டார்கள். பத்துக்கு இரண்டு என்பது உங்கள் மகளுக்குப் பிரெஞ்சு வரவில்லை என்பதைக் காட்டவில்லை. காதில் ஏறாத மொழியை எழுதச் சொல்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. பிரெஞ்சில் எழுதி வாசிக்காத எழுத்துகள் ஏராளம். அவன் சாப்பிடுகிறான், அவர்கள் சாப்பிடுகிறார்கள் இரண்டுக்கும் 'இல் மான்ஜ்' என்றே ஒலி, எழுதும்போது பன்மைக்கு மூன்று எழுத்து கூடும். வீட்டில் இப்படிச் செய்யுங்கள். பள்ளி தரும் சொற்களை முதலில் உரக்கப் படிக்கவைத்து, ஒலிக்காத எழுத்தை எல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் அவற்றுக்கு 'தூங்குகிற எழுத்து' என்று பெயர். அப்புறம் எழுப்பும் விளையாட்டு: சின்னப் பையன் 'ப்தி', சின்னப் பெண் 'ப்தித்'. பெரியது 'க்ரான்', பெண்பாலில் 'க்ரான்த்'. பச்சை 'வேர்', பெண்பாலில் 'வேர்த்'. பெண்பால் வந்தால் தூங்கின எழுத்து விழித்துக்கொள்கிறது பாருங்கள். இந்த ஒரு தந்திரத்தில் எழுத்துக்கூட்டலும் பாலும் சேர்ந்தே படியும். என் 19 வருடத்தில் கண்டுபிடித்ததில் இதுவே எனக்கு மிகப் பிடித்தது, ஆனால் கண்டுபிடித்துக் கொடுத்தவள் ஆறு வயதுப் பெண் ஒருத்தி.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சின்ன வயதில் தொடங்கினால் எல்லாம் தானாக வந்துவிடும் என்பது பாதி உண்மை. நாள் முழுக்க அந்த மொழிக்குள் வாழும் குழந்தைக்கு, முக்கியமாக உச்சரிப்பில், அது பொருந்தும். வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பு என்றால் கதை வேறு. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். மணிக்கணக்கு சமமாக இருந்தபோது, வயது கூடித் தொடங்கியவர்களே வேகமாக முன்னேறினார்கள். ஆக, ஏழு வயதில் தாமதமாகிவிட்டது என்ற கவலை வேண்டாம். இன்னொரு பக்கம், கனடாவின் கியூபெக்கில் சேன் லம்பேர் என்ற ஊரில் 1965இல் ஆங்கிலக் குடும்பப் பிள்ளைகளை முழுக்கப் பிரெஞ்சிலேயே படிக்கவைத்தார்கள். அவர்கள் ஆங்கிலம் கெடவில்லை, பிரெஞ்சைப் புரிந்துகொள்வதிலும் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அத்தகைய வகுப்புப் பிள்ளைகளின் பேச்சில் ஆண்பால் பெண்பால் பிழைகள் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் போதாது, வாய் திறக்கவும் இடம் வேண்டும் என்பது என் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது. பிரெஞ்சுக் கார்ட்டூன் போட்டு விட்டால் போதுமா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. காதுக்கு நல்லது, ஆனால் டிவி பதில் எதிர்பார்க்காது.

பிரெஞ்சு தெரியாத நீங்கள் ஆசிரியராக முயல வேண்டாம், மாணவர் ஆகிவிடுங்கள். தினமும் கால் மணி நேரம் அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் இருவரும் சேர்ந்து ஒலிப்பதிவைக் கேளுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். சந்தைக்குக் கூட்டிப் போங்கள். தக்காளி இங்கே போம்தாமூர், புத்தகத்தில் தொமாத். வெண்டைக்காய் இங்கே லாலோ, புத்தகத்தில் கோம்போ. முருங்கைக்கீரை 'பிரெத் முரூம்', அது நம் முருங்கையேதான் என்று சொன்னால் உங்கள் மகள் முகத்தைப் பாருங்கள். இரண்டு பெயரையும் அவள் வைத்துக்கொள்ளட்டும், மொரீஷியஸ் பிரெஞ்சிலேயே முதல் பெயர்கள் புழங்குகின்றன.

இன்னும் ஒன்று, இங்கத்தியப் பாட்டிகளின் சரக்கு: சிராந்தான் என்ற விடுகதை. ஒருவர் 'சிராந்தான்?' என்பார், மற்றவர் 'சாம்பேக்!' என்று பதில் குரல் கொடுக்க வேண்டும். 'திலோ திபூத்?' - நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. 'திலோ பாந்தான்?' - தொங்குகிற தண்ணீர்? தேங்காய். அவள் தோழிகளிடமிருந்து கிரியோலில் வாங்கி வந்து, உங்களிடம் தமிழில் போட்டு, மறுநாள் மிஸ்ஸிடம் பிரெஞ்சில் கேட்கட்டும். வகுப்பில் கேள்வி கேட்கும் இடத்தில் அவள் நிற்பாள், பதில் சொல்லும் பயம் போய்விடும். வாய் திறக்காத நாலைந்து பிள்ளைகள் என் வகுப்பில் இப்படித்தான் திறந்தார்கள். எல்லோரும் திறந்தார்கள் என்று சொல்லவில்லை.

அந்த மௌனத்தைப் பற்றி: புது மொழிக்குள் விழுந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சாதாரணம், ஐந்து மாதம் என்னைப் பயமுறுத்தவில்லை. மாலையில் கிரியோலில் சண்டை போடுகிறாளே, அது நல்ல அறிகுறி. வீட்டில் தமிழும் குறைந்துகொண்டே வருகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்கிறாள் என்றால் அது பிரெஞ்சு விவகாரமில்லை. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அது என் வேலைக்கு அப்பாற்பட்டது.

சான்றிதழ் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சின்னவர்களுக்கென்றே டெல்ஃப் பிரிம் என்ற தேர்வு உண்டு, ஏ1.1, ஏ1, ஏ2 என்று மூன்று நிலை. இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடக் கடைசியில், அவளே கேட்டால், ஏ1.1இல் உட்காரவையுங்கள். பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம் இருந்தால் இப்போதே சேர்த்துவிடுங்கள். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டில் தமிழ் இல்லை, பாடமாகத்தான் படிக்கிறார்கள். அந்த ஒரு வகுப்பில் மற்றவர்கள் இவளைப் பார்த்து எழுதுவார்கள். பத்துக்கு இரண்டு வாங்கும் குழந்தைக்கு வாரத்தில் அப்படி ஒரு மணி நேரம் வேண்டும்.